மூடிக்கிட்டு இருக்கற நாட்டோட நிர்வாகத்தை வெளியில இருந்து படிக்கறது எப்படி

வட கொரியா பத்தி பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் "அங்க என்ன நடக்குதுன்னு யாருக்குமே தெரியாதுப்பா"ன்னு முடிச்சு விட்டுடுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். அப்புறம் 2008ல அவங்க எடுத்த சென்சஸ் அறிக்கை, ஐநா மக்கள்தொகை நிதியம் கூட இருந்து உதவி பண்ணி எடுத்தது, அதை ஒரு நாள் சும்மா புரட்டிட்டிருந்தப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நாட்டோட மொத்த ஜனத்தொகை 2,40,52,231ன்னு போட்டிருக்கு. மாகாணம் மாகாணமா குடுத்திருக்கற அட்டவணையை கூட்டினா 2,33,49,859 தான் வருது. கழிச்சுப் பாருங்க, 7,02,372 பேரைக் காணோம். அதுல ஆம்பளைங்க 6,62,349, பொம்பளைங்க 40,023. எந்த மாகாணத்துலயும் இல்லாத, ஆனா நாட்டுல மட்டும் இருக்கற ஏழு லட்சம் பேர் யாருன்னா ராணுவ முகாம்ல இருக்கறவங்க. படையோட கணக்கை மேலிடம் பூட்டி வச்சிருக்கு, ஆனா புள்ளிவிவர ஆபீஸ்ல உக்காந்திருக்கற ஆளுக்கு மொத்தம் டேலி ஆகணுமே, அவர் அட்டவணையில விட்டுட்டு போயிட்டார். (இதுதான் முழு ராணுவம்னு எடுத்துக்காதீங்க, வெளியில பொதுவா சொல்ற எண்ணிக்கை பத்து லட்சத்துக்கு மேல, இது முகாம்ல தங்கியிருக்கறவங்க கணக்கு மட்டும்.)

இந்த வகை நாடுகளைப் படிக்க ஆரம்பிக்கறவங்க எல்லாரும் முதல்ல ரகசியத்தைத் தேடிப் போறாங்க, உளவு, கசிந்த ஃபைல், தப்பிச்சு வந்த அதிகாரி பேட்டி, இந்த மாதிரி. நான் சொல்றது நேர் எதிர் திசை. ஒரு விஷயம் ரகசியமா இருக்கணும்னா நாலு பேருக்கு மேல தெரியக்கூடாது. ஆனா நிர்வாகம்னா என்ன, ரேஷன் யாருக்கு எவ்வளவு, எந்தப் பையன் எந்த ஊர்ல வேலைக்கு போகணும், எந்த ஃபேக்டரிக்கு எத்தனை டன் நிலக்கரி, இதை எல்லாம் லட்சக்கணக்கான கீழ்மட்ட ஆளுங்களுக்கு சொல்லித்தான் ஆகணும், சொல்லாம ஒரு வண்டி நகராது. அந்த சொல்ற வேலைலதான் எல்லாம் வெளியில வருது, அதனால நீங்க தேட வேண்டியது எவனும் படிக்காத சலிப்பான காகிதத்தை.

முதல்ல யார் யாரை நியமிக்கறாங்கன்னு பாருங்க

அரசியல் சாசனத்தை கடைசியா படிங்க. சும்மா சொல்லல, நான் அதை முதல்ல படிச்சு ஒரு மாசம் வேஸ்ட் பண்ணினவன். ஆப்பிரிக்காவுல இருக்கற எரித்ரியாவை எடுத்துக்கோங்க, 1997ல சாசனத்தை ஏத்துக்கிட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அமலுக்கு வரல, 1993ல சுதந்திரம் வாங்கினதுல இருந்து தேசிய அளவுல ஒரு தேர்தல் கூட நடக்கல. அந்த சாசனத்தை வரிவரியா மனப்பாடம் பண்ணினாலும் தலைநகர் அஸ்மாராவுல ஒரு கடை லைசென்ஸ் யார் குடுக்கறாங்கன்னு தெரியாது.

கட்சியே அரசாங்கமா இருக்கற நாடுகள்ல ஒரு பேப்பர் எடுத்து நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் அரசாங்கப் பதவி: பிரதமர், அமைச்சர், கவர்னர், மேயர். வலது பக்கம் கட்சிப் பதவி. அப்புறம் ஒவ்வொரு ஆளோட பேரையும் ரெண்டு பக்கமும் எழுதி கோடு இழுங்க. சீனாவுல ஒரு நகரத்துக்கு இதைப் பண்ணினா பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும், மேயர்தான் பெரிய ஆள்னு நெனச்சிருப்பீங்க, அவர் வலது பக்கத்துல பெரும்பாலும் கட்சியோட துணைச் செயலாளரா இருப்பார், அதாவது ரெண்டாவது ஆள், கட்சிச் செயலாளர்தான் முதல் ஆள். மாகாணத்துலயும் இதே கதை, கவர்னர் ரெண்டாவது. சில ஆபீஸ்ல இன்னும் வேடிக்கை, ஒரே ஆளுங்க, ஒரே கட்டடம், வாசல்ல ரெண்டு போர்டு. தைவான் விவகார ஆபீஸ் அப்படித்தான், ஒரு போர்டு மந்திரிசபையோடது, இன்னொண்ணு கட்சியோட மத்தியக் குழுவோடது. ராணுவத்தை நடத்தற மத்திய ராணுவ ஆணையமும் அப்படியே ரெண்டு பேர்ல ஒரே அமைப்பு.

1980கள்ல சீனாவை உண்மையில நடத்தின டெங் ஷியாபிங் நாட்டுக்கு ஜனாதிபதியாவோ பிரதமராவோ இருந்ததே இல்ல. 1989 நவம்பர் வரைக்கும் அவர் கையில வச்சிருந்த பெரிய பதவி ராணுவ ஆணையத் தலைவர் பதவிதான். பதவிப் பட்டியலை மட்டும் பாத்து நாட்டை யார் நடத்தறாங்கன்னு கண்டுபிடிக்க நெனச்சவன் அந்தக் காலத்துல முழுசா ஏமாந்திருப்பான். அதே மாதிரி 2018 மார்ச்ல ஜனாதிபதி பதவிக்கு இருந்த ரெண்டு தடவை கட்டுப்பாட்டை எடுத்தப்போ உலகமே அலறுச்சு, ஆனா கட்சிப் பொதுச்செயலாளர், ராணுவ ஆணையத் தலைவர்ங்கற மத்த ரெண்டு பதவிக்கும் அந்த மாதிரி கட்டுப்பாடு எழுத்துல இல்லவே இல்ல. மூணுலயும் பலமில்லாத பதவிலதான் எழுத்துல பூட்டு இருந்துச்சு.

சோவியத்துல இந்த நியமன வேலைக்கே ஒரு பேர் உண்டு, நோமென்க்ளாதுரா. ஒரு பதவிப் பட்டியல், அந்தப் பதவிக்கு ஆள் போடணும்னா எந்த மட்டத்துக் கட்சிக் குழு ஒத்துக்கணும்னு எழுதி வச்சிருப்பாங்க. ஃபேக்டரி மேனேஜர், பல்கலைக்கழகத் தலைவர், பத்திரிகை ஆசிரியர் எல்லாம் அதுல வரும். வட கொரியாவுல அந்த வேலையை பண்றது கட்சியோட அமைப்பு வழிகாட்டல் துறை. வெளியுறவு அமைச்சர் யாருன்னு டிவில காட்டுவாங்க, இந்தத் துறையில யார் எந்த டெஸ்க்ல இருக்காங்கன்னு காட்ட மாட்டாங்க. இதுக்கு ஒரு ஷார்ட்கட் இருக்கு, தென் கொரியாவோட ஒருங்கிணைப்பு அமைச்சகம் வட கொரிய அதிகார அமைப்பு சார்ட் ஒண்ணு தயார் பண்ணி வெளியிடுது, அதுல பேரோட பதவியோட இருக்கும், அங்க இருந்து ஆரம்பிச்சா முதல் ஆறு மாச உழைப்பு மிச்சம்.

துர்க்மெனிஸ்தான்ல கோடு போடற வேலையே வேற மாதிரி போகும். 2022 மார்ச்ல மகன் செர்தார் பெர்திமுகமேதோவ் அதிபர் ஆனார், 2023 ஜனவரில அப்பா குர்பாங்குலி மக்கள் பேரவைக்கு தலைவர் ஆனார், அந்தப் பேரவையோட அதிகாரத்தையும் அப்பவே ஏத்திட்டாங்க. இப்ப யார் பெரியவர்னு கேட்டா பேப்பர்ல இருக்கற பதவிப் பேரை பாக்காதீங்க, அமைச்சருங்க யாருக்கு ரிப்போர்ட் பண்றாங்க, திட்டு வாங்கறது யார்கிட்ட, அதை பாருங்க.

அப்புறம் அடி மட்டம்

மேல இருக்கறவங்களைப் பத்தி தெரிஞ்சுக்கறதை விட கீழ இருக்கறவங்களைப் பத்தி தெரிஞ்சுக்கறது சுலபம், ஏன்னா நாட்டை விட்டு வந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் சாதாரண ஜனங்க, அவங்களுக்கு தலைவரோட மூளைக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாது, ஆனா வெளியூர் போக பெர்மிட் எந்த கவுண்டர்ல வாங்கினாங்கன்னு சூப்பரா சொல்வாங்க. நாம கேக்கறது என்னவோ தலைவரைப் பத்தி. தப்பு நம்ம மேல.

வட கொரியாவுல இன்மின்பான்னு ஒண்ணு இருக்கு, சுமார் 20ல இருந்து 40 வீடு சேர்ந்த ஒரு குழு, அதுக்கு ஒரு தலைவி, பெரும்பாலும் நடுத்தர வயசு பொம்பளை. அவங்க வீட்டுக்கு வீடு போய் பழைய இரும்பு, காகிதம் வசூல் பண்ணுவாங்க, தெரு சுத்தம் பண்ற வேலைக்கு ஆள் பிடிப்பாங்க, ராத்திரி யார் வீட்டுல வெளி ஆள் தங்கியிருக்காங்கன்னு பாத்து பதிவு பண்ணுவாங்க. ஒரே ஆள்கிட்ட நகராட்சி, போலீஸ், கட்சி மூணும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்துல உக்காந்திருக்கு. ஒரு அமைச்சகத்தோட சார்ட்டைப் பாக்கறதை விட இந்த ஒரு அம்மாவோட ஒரு வாரத்தை எழுதிப் பாருங்க, யார்கிட்ட இருந்து உத்தரவு வருது, யாருக்கு கணக்கு குடுக்கறாங்க, சொன்ன அளவு வசூல் ஆகலைன்னா என்ன பண்றாங்க, கண்டும் காணாம விட அவங்களுக்கு என்ன கிடைக்குது. 1990கள் நடுவுல ரேஷன் பட்டுவாடா சரிஞ்சு பஞ்சம் வந்தப்போ ஜனங்க சந்தையில வித்து பொழைக்க ஆரம்பிச்சாங்க, அதை சட்டப் புத்தகம் ஒத்துக்க பல வருஷம் ஆச்சு, நடுவுல அந்த இடைவெளியை நிரப்பினது இந்த மாதிரி கீழ்மட்ட ஆளுங்களோட கண்டும் காணாமையும் கொஞ்சம் கையூட்டும்தான்.

புகார் மனு இன்னொரு தங்கச் சுரங்கம். கிழக்கு ஜெர்மனியில எதிர்த்து ஓட்டுப் போட வழி கிடையாது, வழக்குப் போட்டு அரசாங்கத்தை ஜெயிக்க வழி கிடையாது, ஆனா மனு எழுதலாம், 1975 சட்டப்படி நாலு வாரத்துக்குள்ள பதில் சொல்லியே ஆகணும். வீடு ஒழுகுது, காருக்கு இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கணும், இப்படி ஜனங்க எழுதித் தள்ளினாங்க. அந்த நாடு போனப்புறம் ஆவணக் காப்பகத்துல கிடைச்ச இந்த மனுக்களையும் ஆபீஸ் பதிலையும் படிச்சா எந்த அதிகாரிக்கு எது வரைக்கும் கை நீளும்னு தெளிவா தெரியும், ஒருத்தர் இன்னொருத்தருக்கு தள்ளிவிடற அழகு இருக்கே, அது எந்த ஆட்சிக்கும் பொது. சீனாவுலயும் மனு வாங்கறதுக்குன்னே தனி ஆபீஸ் இருக்கு.

தடை போட்டா நடக்குதுன்னு அர்த்தம்

இது என்னோட ஃபேவரிட். எந்த நாட்டு சட்டத்தையும் தலைகீழா படிக்கலாம். வட கொரியா 2020 டிசம்பர்ல வெளிநாட்டு கலாச்சாரத்துக்கு எதிரா ஒரு கடுமையான சட்டம் போட்டாங்க, தென் கொரிய படம் பாத்தா, வச்சிருந்தா, பரப்பினா என்ன தண்டனைன்னு. 2023 ஜனவரில இன்னொண்ணு, பியாங்யாங் பேச்சு மொழியைக் காப்பாத்தற சட்டம். அதுல ஒரு இடத்துல, சொந்த அண்ணன் இல்லாத ஆம்பளையை பொண்ணுங்க "ஒப்பா"ன்னு கூப்பிடக் கூடாதுன்னு இருக்கு. ஒப்பான்னா பொண்ணு தன் அண்ணனைக் கூப்பிடற வார்த்தை, தென் கொரியாவுல லவ்வரையும் அப்படித்தான் கொஞ்சிக் கூப்பிடுவாங்க. இப்ப யோசிங்க, ஒரு நாட்டோட உச்ச அமைப்பு உக்காந்து காதலனை எப்படிக் கூப்பிடணும்னு விதி எழுதுதுன்னா அந்த வார்த்தை தலைநகர் தெருவுல எவ்வளவு சகஜமா ஆயிருக்கணும். அந்த ஒரு வரியில இருந்து நாடகங்க எல்லை தாண்டி வருது, வாலிப பசங்க பாக்கறாங்க, போன சட்டம் வேலைக்கு ஆகல, மூணு விஷயம் கிடைச்சாச்சு.

அரசு பத்திரிகையையும் இப்படித்தான் படிக்கணும். "சில அதிகாரிகளிடம் காணப்படும் பொறுப்பின்மையை ஒழிப்போம்"னு வந்தா பரவலா இருக்குன்னு எடுத்துக்கோங்க. ஒரு ஃபேக்டரியை பாராட்டி முழுப்பக்கம் போட்டா மத்த ஃபேக்டரி எல்லாம் அதைப் பண்ணலைன்னு எடுத்துக்கோங்க. இதுல ஒரு எச்சரிக்கை, ஒரே ஒரு கட்டுரையை வச்சு முடிவு பண்ணக்கூடாது, ஆறு மாசம் அதே பத்திரிகையை படிச்சு அதோட வழக்கமான பேச்சு என்னன்னு காது பழகினாத்தான் புதுசா ஒரு வார்த்தை நுழையறது கேக்கும். குறுக்கு வழி கிடையாது, போர் அடிக்கும், பழகிக்கோங்க.

குற்றப்பத்திரிகையை நிர்வாக ஆவணமா படிங்க. கிம் ஜோங் உன்னோட அத்தை புருஷன் ஜாங் சோங் தேக், 2013 டிசம்பர்ல எல்லாரும் பாக்க கூட்டத்துல இருந்து இழுத்துட்டுப் போய் 12ஆம் தேதி மரண தண்டனை நிறைவேத்தினாங்க. எல்லா மீடியாவும் அரை மனசா கை தட்டினார்னு அதுல இருந்த வரியை எடுத்துக்கிட்டு சிரிச்சாங்க. ஆனா அந்த அறிக்கையில அதைத் தவிர ஏகப்பட்டது இருந்துச்சு. மந்திரிசபை பண்ண வேண்டிய பொருளாதார வேலையை தன் துறைக்கு கீழ இழுத்துக்கிட்டார், நிலக்கரியையும் மத்த தாதுவையும் இஷ்டத்துக்கு வித்தார், ராசோன் பொருளாதார மண்டலத்துல நிலத்தை 50 வருஷத்துக்கு வெளிநாட்டுக்கு குடுத்தார். உண்மையோ பொய்யோ, அதை விடுங்க. ஒரு கட்சித் துறை தனியா கம்பெனி வச்சு ஏற்றுமதி பண்ணி தன் வருமானத்தை தானே வச்சுக்க முடியற அமைப்பு அங்க இருக்கு, அது மந்திரிசபையோட மோதுதுன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. நான் இந்த அறிக்கையை மூணு தடவை படிச்சேன், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு புதுசா கிடைச்சுது.

எண்ணு வந்தா சந்தேகம், எண்ணு நின்னு போனா இன்னும் சந்தேகம்

சோவியத்துல குழந்தை இறப்பு விகிதம் 1971ல ஆயிரத்துக்கு 22.9, 1974ல 27.9. அதுக்கப்புறம் அந்த வரிசையே வெளிவரல, பல வருஷம் கழிச்சு கோர்பச்சேவ் காலத்துலதான் திரும்ப வந்துச்சு. வெளியில இருந்த ஆய்வாளர்களுக்கு கணக்கு நின்னு போனதே பெரிய துப்பு, ஏதோ சரியில்லன்னு அப்பவே தோண்ட ஆரம்பிச்சாங்க. சீனாவுல 2023 ஜூன்ல இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம், ஆகஸ்ட்ல அந்த எண்ணை வெளியிடறதையே நிறுத்திட்டாங்க, 2024 ஜனவரில திரும்ப வந்தப்போ படிக்கற பசங்களை கணக்குல இருந்து எடுத்துட்டு 14.9. முறையை மாத்தினதுக்கு நியாயம் சொல்லலாம், சொன்னாங்க. ஆனா நீங்க பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒரே கோட்டுல வச்சு குறைஞ்சிடுச்சுன்னு கிராஃப் போட்டா மாட்டினீங்க.

அதனால ஒரு வேலை பண்ணுங்க, நீங்க படிக்கற நாடு வழக்கமா என்னென்ன எண்ணை எந்த மாசம் வெளியிடும்னு ஒரு காலண்டர் போட்டு வைங்க. வந்ததுக்கு டிக், வராததுக்கு சிவப்பு.

எதிர்ப்பக்கத்து கணக்கு அடுத்த வழி, ஒரு நாட்டை இன்னொரு நாட்டோட கணக்குங்கற கண்ணாடியில பாக்கறது. ஒரு நாடு வித்தா இன்னொரு நாடு வாங்கியாகணும், வாங்கினவன் கஸ்டம்ஸ்ல எழுதுவான். துர்க்மெனிஸ்தான் தன் கேஸ் வருமானத்தை ஒழுங்கா சொல்லாது, ஆனா பைப் போய் சேர்ற சீனாவோட கஸ்டம்ஸ் புள்ளிவிவரத்துல இறக்குமதி தெரியும். வட கொரிய வியாபாரத்துக்கும் இதே சீன கஸ்டம்ஸ்தான் எல்லாருக்கும் கதி. ஆனா இந்தக் கண்ணாடியிலயும் ஒரு மூலை உடைஞ்சிருக்கு, 2014ல இருந்து வட கொரியாவுக்கு போற கச்சா எண்ணெய் அந்தக் கணக்குல பூஜ்யம்னே வருது, எல்லை தாண்டிப் போற பைப்லைன் என்னவோ ஓடிட்டுதான் இருக்கு. எரித்ரியா பட்ஜெட்டே வெளியிடாது, ஆனா அங்க பிஷா சுரங்கத்துல 60 சதவீதம் பங்கு வச்சிருந்த நெவ்சன்ங்கற கம்பெனி கனடாவுல பங்குச்சந்தையில இருந்துச்சு, முதலீட்டாளருக்கு கணக்கு காட்டியே ஆகணும், அதனால அரசாங்கத்துக்கு வரியா ராயல்டியா எவ்வளவு போகுதுன்னு அந்தக் கம்பெனியோட ஆண்டறிக்கையைப் பாத்து ஓரளவு பிடிக்க முடிஞ்சுது. 2018ல ஒரு சீனக் கம்பெனி அதை வாங்கிடுச்சு.

எண்ணெல்லாம் நம்மளை ஏமாத்த மட்டும் ஜோடிக்கறாங்கன்னு நெனைக்காதீங்க, பாதி பொய் மேலிடத்தை ஏமாத்த கீழ இருந்து வருது. 1958ல சீனாவுல தானிய உற்பத்தி 37.5 கோடி டன்னுன்னு அறிவிச்சாங்க, பின்னாடி அவங்களே திருத்தினப்போ 20 கோடி. ஒவ்வொரு கிராமத்துக்காரனும் பக்கத்து கிராமத்தை விட கொஞ்சம் கூட்டி சொன்னான், மாவட்டம் இன்னும் கொஞ்சம் கூட்டுச்சு, அந்த இல்லாத தானியத்துக்கு கொள்முதல் அளவு போட்டு இருந்ததையும் எடுத்துட்டுப் போனாங்க, ஜனங்க கோடிக்கணக்குல செத்தாங்க. சோவியத்துல 1937 சென்சஸ் ஸ்டாலின் எதிர்பாத்ததை விட குறைவா, சுமார் 16.2 கோடின்னு வந்துச்சு. சென்சஸை ரத்து பண்ணி, எடுத்தவங்கள்ல பல பேரை கைது பண்ணி சில பேரை சுட்டாங்க. 1939ல மறுபடி எடுத்தப்போ 17 கோடிக்கு மேல வந்துச்சு, வராம என்ன பண்ணும். ஆக நீங்க ஒரு எண்ணைப் பாத்தா முதல் கேள்வி, இதை எழுதின ஆள் யாருக்கு பயந்து எழுதினார். 2007ல லியாவோநிங் மாகாண கட்சிச் செயலாளரா இருந்த லீ கெச்சியாங், பின்னாடி பிரதமர் ஆனவர், அமெரிக்க தூதர்கிட்ட ஜிடிபி எண்ணு மனுஷன் உண்டாக்கறது, நான் கரண்ட் செலவு, ரயில் சரக்கு, பேங்க் கடன் இந்த மூணைத்தான் பாக்கறேன்னு சொன்னதா ஒரு தூதரகக் குறிப்பு 2010ல கசிஞ்சுது. மாகாணத்தோட பெரிய தலையே தன் ஆபீஸ் எண்ணை நம்பாம கரண்ட் பில்லைப் பாக்குது.

ஆள் காணாம போறதைப் படிக்கறது, இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க

1953 ஜூன் 28, சோவியத் கட்சிப் பத்திரிகை பிராவ்தாவுல ஒரு சின்ன செய்தி, போல்ஷோய் தியேட்டர்ல ஆபரா பாக்க வந்த தலைவர்கள் பட்டியல். ஸ்டாலினோட ரகசியப் போலீஸ் தலைவரா இருந்த பெரியாவோட பேர் அதுல இல்ல. அவரை 26ஆம் தேதியே கைது பண்ணியாச்சு, வெளியில சொன்னது ஜூலை 10. ரெண்டு வாரம் முன்னாடியே கவனமா பட்டியல் படிச்சவனுக்கு சந்தேகம் வந்திருக்கும். இறுதிச் சடங்கு கமிட்டி இன்னொரு நல்ல அடையாளம், சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் செத்தப்போ கமிட்டித் தலைவர் ஆந்த்ரோபோவ், ஆந்த்ரோபோவுக்கு செர்னென்கோ, செர்னென்கோவுக்கு கோர்பச்சேவ், மூணு தடவையும் யார் இறுதிச் சடங்கை நடத்தினாரோ அவரே அடுத்த பொதுச்செயலாளர்.

இதைப் படிச்சுட்டு எல்லாருக்கும் துப்பறியும் ஆசை வந்துடுது. எனக்கும் வந்துச்சு. 2013ல வட கொரியப் பாடகி ஹியோன் சோங் வோலை சுட்டுட்டாங்கன்னு செய்தி வந்தப்போ நான் நண்பர்கள் எல்லாருக்கும் பெரிய வியாக்கியானத்தோட அனுப்பினேன், இசைக்குழுக்குள்ள அதிகாரப் போட்டி அது இதுன்னு. 2014 மே மாசம் அந்த அம்மா டிவில வந்து பேசினாங்க, 2018ல சியோலுக்கே கலைக்குழுவோட போய் இறங்கினாங்க, என் நண்பன் ஒருத்தன் அந்த ஃபோட்டோவை இன்னைக்கும் எனக்கு அப்பப்ப அனுப்பறான். தளபதி ரி யோங் கில்லும் அப்படித்தான், 2016 பிப்ரவரில செத்தாச்சுன்னு செய்தி, மே மாசம் கட்சி மாநாட்டுல உயிரோட பதவியும் வாங்கினார். 2020 ஏப்ரல்ல கிம் ஜோங் உன் தாத்தா பிறந்தநாளுக்கு வரலைன்னதும் உலகமே சாவு செய்தி எழுதுச்சு, மே 1 சுன்சோன்ல உர ஃபேக்டரி திறந்து வச்சார். துர்க்மெனிஸ்தான் அதிபர் 2019ல இதே வதந்திக்கு பதில் சொன்ன விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, எரிஞ்சுட்டிருக்கற தர்வாசா பள்ளத்தை சுத்தி கார்ல வட்டமடிக்கற வீடியோ போட்டாங்க.

அப்ப காணாம போறதுக்கு அர்த்தமே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது கேள்வி மட்டும்தான், பதில் கிடையாது. சீன வெளியுறவு அமைச்சர் சின் காங் 2023 ஜூன் 25க்கு அப்புறம் வெளியில தெரியல, உடம்பு சரியில்லன்னாங்க, சரியா ஒரு மாசம் கழிச்சு ஜூலை 25 பதவி போச்சு. ஜாங் சோங் தேக் விஷயத்துல, அவர் கதை முடிஞ்சுதுன்னு அறிவிக்கறதுக்கு முன்னாடியே பழைய ஆவணப்படத்துல இருந்து அவர் உருவத்தை வெட்டி மறுஒளிபரப்பு பண்ணினாங்க. ஆள் வரலைங்கறது சளியா கூட இருக்கலாம், ஆனா பழைய ஃபிலிம்ல வெட்டணும்னா ஒருத்தர் உத்தரவு போட்டு இன்னொருத்தர் எடிட் பண்ணணும், அதுக்குப் பின்னால ஒரு ஆபீஸ் வேலை பாத்திருக்கு, அந்த மாதிரி அடையாளத்துக்கு மதிப்பு கூட.

டெண்டர், வேலைக்கு ஆள் தேவை, சாட்டிலைட்

ரகசியத் திட்டத்துக்கும் சிமெண்ட் வேணும். சீனாவோட மேற்குல இருக்கற சின்ஜியாங்ல உய்குர் முஸ்லிம்களை அடைக்க பெரிய பெரிய தடுப்பு முகாம் கட்டினப்போ அரசாங்கம் அப்படி ஒண்ணே இல்லைன்னு சொல்லிட்டிருந்துச்சு, ஆனா மாவட்ட ஆபீஸ்ங்க கொள்முதல் விதிப்படி டெண்டர் விட்டுட்டே இருந்தாங்க, சுவர், வேலி, கண்காணிப்பு கோபுரம், கேமரா, இத்தனை சதுர மீட்டர்னு. ஆய்வாளர்கள் அந்த டெண்டரை எடுத்து, ஊர் பேரை எடுத்து, சாட்டிலைட் படத்துல அதே ஊரைப் பாத்து மாசா மாசம் கட்டடம் எழும்பறதை காட்டினாங்க. 2018 அக்டோபர்ல அரசாங்கம் தொழிற்பயிற்சி மையம்னு பேர் வச்சு சட்டத்துல சேர்த்துக்கிச்சு. இங்க நீங்க கத்துக்க வேண்டிய டெக்னிக் ரெண்டு தனித்தனி ஆதாரத்தை ஒரே இடத்துல சந்திக்க வைக்கறது. டெண்டர் மட்டும் இருந்தா கட்டினாங்களான்னு தெரியாது, படம் மட்டும் இருந்தா அது ஸ்கூலா ஜெயிலான்னு தெரியாது.

தேடறப்போ அந்த நாட்டு மொழியில, அந்த ஆபீஸ் பாஷையில தேடுங்க. யாரும் டெண்டர்ல ஜெயில்னு எழுத மாட்டாங்க. மொழி தெரியாதவங்க மெஷின் டிரான்ஸ்லேஷன் போட்டு ஆரம்பிக்கலாம், தப்பில்ல, ஆனா பதவிப் பேர், துறைப் பேர் ஒரு நூறாவது அசல் எழுத்துலயே அடையாளம் தெரியற மாதிரி பழகிக்கோங்க, ஏன்னா மெஷின் ஒரே துறையை மூணு பேர்ல மொழிபெயர்க்கும், நீங்க மூணு துறைன்னு நெனச்சுப்பீங்க.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், உள்ள இருக்கற யார்கிட்டயும் எதையும் அனுப்பச் சொல்லாதீங்க. மெயில்ல சும்மா ஒரு கேள்விதானேன்னு தோணும், சீனாவுல 2023 ஜூலை 1ல இருந்து அமலான திருத்தத்துல உளவுங்கற வார்த்தைக்குள்ள தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆவணம், டேட்டா எல்லாம் வந்துடுச்சு, வட கொரியா மாதிரி இடத்துல அதைப் பத்தி சொல்லவே வேண்டாம். நமக்கு பொழுதுபோக்கு, அவங்களுக்கு குடும்பமே போயிடும். வெளியில கிடைக்கறதை வச்சே வாழ்நாள் முழுக்க வேலை இருக்கு.

நோட்ஸ் எடுக்கறப்போ நான் மூணு கலர் வச்சிருக்கேன். நானே மூலத்துல பாத்தது கருப்பு, யாரோ ஒருத்தர் சொன்னது நீலம், என் ஊகம் சிவப்பு. ஒரு வருஷம் கழிச்சு திரும்பிப் பாத்தா நான் நிச்சயமா தெரியும்னு பேசிட்டிருந்த விஷயம் பாதி நீலம், அதுலயும் ரெண்டு பேர் சொன்னதா நெனச்சது ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துப் போட்டது. தப்பிச்சு வந்தவங்க சாட்சியத்துக்கும் இதையே பண்ணுங்க, அவங்க பொய் சொல்றாங்கன்னு இல்ல, ஆனா ஒரு மாகாணத்துல ஒரு வருஷத்துல ஒரு ஆள் பாத்தது அது, ஊரும் வருஷமும் ஓரத்துல எழுதாம விட்டா பத்து வருஷம் முன்னாடி எல்லை ஓரத்துல நடந்தது இன்னைக்கு நாடு முழுக்க நடக்கறதா மாறிடும்.

கடைசியா, பாத்த பக்கத்தை எல்லாம் அன்னைக்கே சேமிச்சுடுங்க, தேதியோட, முடிஞ்சா ரெண்டு இடத்துல. லிங்க் மட்டும் வச்சுக்கிட்டா நாளைக்கு இருக்காது, சின்ஜியாங் டெண்டர்ல பலது அப்படித்தான் காணாம போச்சு, 2023 ஏப்ரல்ல சீனாவோட பெரிய ஆய்வுக்கட்டுரை தளம் வெளிநாட்டு லைப்ரரிகளுக்கு சில பகுதியை மூடிடுச்சு. பெரியா கைதுக்கு அப்புறம் சோவியத் பெரிய கலைக்களஞ்சியத்தோட சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் போச்சு, 5ஆம் தொகுதியில 21ல இருந்து 24 வரைக்கும் இருக்கற பக்கத்தை கத்திரியாலயோ பிளேடாலயோ வெட்டிட்டு, கூட அனுப்பியிருக்கற புதுப் பக்கத்தை ஒட்டிக்கோங்கன்னு. புதுப் பக்கத்துல பெரியாவுக்கு பதிலா பெரிங் கடல், படத்தோட. வெளிநாட்டு லைப்ரரிங்களுக்கும் அது போச்சு. சில லைப்ரரியன்கள் வெட்டாம புதுப் பக்கத்தை, கடிதத்தோட, பழைய பக்கத்துக்கு நடுவுலயே சொருகி வச்சுட்டாங்க. உங்க ஃபோல்டரையும் அப்படி வைங்க, புது வெர்ஷன் வந்தா பழசை அழிக்காம பக்கத்துலயே, எந்தத் தேதியில மாறுச்சுன்னு ஒரு வரி எழுதி.